சிமெண்டில் எந்தக் கார்பன்? உப்புக் காற்றில் நிற்கும் வடசென்னைக்கு ஓர் ஒப்பீடு

கிராஃபீன் கலந்த அட்மிக்சர் (கான்கிரீட்டில் சிறிதளவு சேர்க்கும் துணைப்பொருள்), நானோகுழாய் கலந்த அட்மிக்சர் என்ற பெயர்களில் கருப்புத் திரவங்களும் தூள்களும் கட்டுமானச் சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. மணலியிலிருந்து மீஞ்சூர் வரை பேவர் பிளாக்கும் வடிகால் மூடியும் வார்க்கும் சிறு ஆலைக்காரர்களும், காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் உதிர்ந்துபோன தூண்களைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர்களும் கட்டமைப்புப் பொறியாளனாகிய என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: இவற்றில் எதை வாங்கலாம், அல்லது எதையும் வாங்காமலே இருந்துவிடலாமா? நானோகுழாய், கிராஃபீன் ஆக்சைடு, கிராஃபீன் நானோதகடு, கார்பன் பிளாக் என்ற நான்கு வகைக் கார்பன்களையும், கார்பனே சேர்க்காத ஐந்தாவது வழியையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இதற்கு நேர்மையான விடை கிடைக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடற்கரையை ஒட்டிக் கம்பி கட்டி வார்க்கும் எந்தக் கான்கிரீட்டிலும் முதல் செலவு ஸ்லாக்குக்கும் (இரும்பாலைக் கசடு) சிலிக்கா ஃப்யூமுக்கும் (சிலிக்கான் ஆலைப் புகையில் பிடிக்கும் நுண்தூள்) கவருக்கும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) க்யூரிங்குக்கும் (வார்த்தபின் நனைத்து வைப்பது) போக வேண்டும். அதன் பிறகும் கார்பன் சேர்க்க விருப்பமிருந்தால் கிராஃபீன் ஆக்சைடைச் சேர்க்கலாம். அதையும் மெல்லிய பழுதுபார்ப்புக் காரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நானோகுழாயும், டயரில் சேர்க்கும் கரித்தூளான கார்பன் பிளாக்கும் வேறு வேலைக்கு உரியவை. வலிமைக்காக அவற்றை வாங்குவது பணத்தைக் கடலில் கொட்டுவதற்குச் சமம்.

கார்பன் என்ன செய்கிறது

சிமெண்ட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் இழுவை வலிமை அழுத்த வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் கம்பி போடுகிறோம். ஆனால் விரிசல் கம்பியை எட்டும்போது அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அதன் பிறப்பிடம் இறுகிய சிமெண்டுக்குள் இருக்கும் நானோமீட்டர் அளவுத் துளைகளிலும், கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்னும் பசைப்பொருளின் இடுக்குகளிலும் இருக்கிறது. அந்த அளவிலேயே விரிசலை மறித்து நிறுத்தக்கூடிய நார் ஏதும் கிடைக்குமா என்ற தேடல்தான் ஆய்வாளர்களைக் கார்பனிடம் கொண்டுவந்தது. 1991-இல் ஜப்பானின் சுமியோ இயிஜிமா விவரித்த, கார்பன் அணுக்களாலான நுண்குழாயாகிய நானோகுழாயும், 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நொவோசெலோவும் பிரித்தெடுத்துக் காட்டி 2010-இல் நோபல் பரிசு பெற்ற, ஓரணுக் கனமே உள்ள கார்பன் தகடாகிய கிராஃபீனும், விறைப்பில் எஃகைப் போல ஐந்து மடங்கு; அதாவது ஏறத்தாழ 1,000 கிகாபாஸ்கல்.

விற்பனைக் கையேடுகள் இந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. அந்த எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. நூறு கிலோ சிமெண்டில் ஐம்பது கிராம் நார் சேர்த்தால், அந்த நாரின் விறைப்பு முழுதும் சிமெண்டுக்கு வந்துவிடாது. நாருக்கும் சிமெண்டுக்கும் பிடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் வரும். கார்பன் செய்யும் இன்னொரு வேலை கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும்: சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது உருவாகும் பசைப்பொருள் படிந்து வளர்வதற்கு அது விதையாக இருக்கிறது, துளைகளை நிரப்பி நீரின் பாதையைச் சுற்றுவழியாக்குகிறது. இவ்வளவு சிறிய அளவுகளில் விரிசலை மறிக்கும் வேலையைவிட இந்த இரண்டாவது வேலையே பெரும்பங்கு ஆற்றுகிறது என்பது என் கணிப்பு. வடசென்னைக்கு வேண்டியதும் அதுதான், ஏனென்றால் இங்கே கட்டடத்தைக் கொல்வது பெரும்பாலும் பாரமல்ல, உப்பு.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு கிராம் சிமெண்டின் மேற்பரப்பு ஏறத்தாழ 0.3 சதுர மீட்டர். சிலிக்கா ஃப்யூமுக்கு அது 15 முதல் 30 வரை. பல அடுக்கு நானோகுழாய்க்கு 200-ஐத் தாண்டுவது சாதாரணம். ஒற்றை அடுக்குக் கிராஃபீனுக்குக் கணக்கின்படி 2,630. இவ்வளவு பரப்பும் நீரையும், நீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் பி.சி.இ. (பாலிகார்பாக்சிலேட்) அட்மிக்சரையும் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பலைப் போன்ற ஃப்ளை ஆஷைக் கலந்து பழகியவர்களுக்கு இது புதிய செய்தியல்ல: சாம்பலில் எரியாத கரி கூடினால் கலவை கறுக்கும், அட்மிக்சர் போட்ட இடம் தெரியாமல் மறையும். அந்தக் காரணத்தாலேயே ஃப்ளை ஆஷுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3812, எரிப்பு இழப்பை (சூடாக்கினால் எரிந்துபோகும் பங்கை) 5 விழுக்காட்டோடு நிறுத்துகிறது. நானோகார்பன் அதே குணத்தைப் பன்மடங்கு பெருக்கிக்கொண்டு வருகிறது.

நானோகுழாய்: ஆய்வகத்தின் செல்லம்

சிமெண்டில் மிகுதியாகச் சோதிக்கப்பட்டது பல அடுக்கு நானோகுழாய்தான். விட்டம் பொதுவாகப் பத்து முதல் ஐம்பது நானோமீட்டர். நீளம் சில மைக்ரான்கள் முதல் சில பத்து மைக்ரான்கள் வரை. வழக்கமான அளவு சிமெண்டின் எடையில் 0.05 முதல் 0.1 விழுக்காடு, அதாவது ஐம்பது கிலோ மூட்டைக்கு 25 முதல் 50 கிராம். எடை குறைவுதான், ஆனால் தூள் பஞ்சைப் போல் உப்பியிருக்கும். அந்த 25 கிராமே கால் லிட்டர் குவளையை நிரப்பிவிடலாம்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சுரேந்திர ஷா தலைமையில் நடந்த ஆய்வுகள் 2010-ஐ ஒட்டி வெளிவந்தன. நன்கு பிரிந்து பரவிய நானோகுழாய், சிமெண்ட் பசையின் வளைவு வலிமையைக் கால் பங்கு அளவுக்கு உயர்த்த முடியும் என்று அவை காட்டின. ‘நன்கு பிரிந்து பரவிய’ என்ற நிபந்தனையில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. குழாய்கள் ஒன்றையொன்று வான்டர்வால்ஸ் விசையால் பற்றிக்கொண்டு சிக்கு விழுந்த கற்றைகளாகக் கிடக்கும். அவற்றைப் பிரிக்கப் பரவவைக்கும் வேதிப்பொருள் கலந்த நீரில் இட்டு மீயொலிக் கருவியால் அதிர வைக்க வேண்டும். குறைவாக அதிர வைத்தால் கற்றை பிரியாது, அதிகமாக அதிர வைத்தால் குழாயே உடைந்து குட்டையாகும். பரவவைக்கும் பொருளின் அளவு மீறினால் நுரை எழும்பிக் கான்கிரீட்டில் காற்றுக் குமிழிகளாக இறுகிவிடும்.

ஆய்வகத்தில் இது கண்ணாடிக் குடுவைக்குள் நடக்கும் காரியம். நம் ஆலையில் அரைக் கன மீட்டர் மிக்சர் ஒரு முறை சுழன்றால் 200 கிலோ சிமெண்டும் 80 லிட்டர் நீரும் உள்ளே போகும். குடுவை குடுவையாக அதிரவைத்து அந்த நீரைத் தயாரிக்க எந்த ஆலைக்காரரும் காத்திருக்க மாட்டார். அப்படியே காத்திருந்தாலும் இன்னொரு தடை இருக்கிறது: சிமெண்ட் துகள்களின் பருமன் பெரும்பாலும் பத்து, இருபது மைக்ரான் அளவில் இருப்பதால், துகள் இருக்கும் இடத்தில் குழாய் இருக்க முடியாது. நீரில் சீராகப் பரவியிருந்த குழாய்களும் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் ஒதுங்கி மீண்டும் திரளும்.

தொழிலாளர் நலன் பற்றிய கேள்வி இதைவிடக் கடுமையானது. அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013-இல் ஓர் உச்சவரம்பைப் பரிந்துரைத்தது: எட்டு மணி நேரப் பணியில் சுவாசிக்கும் காற்றில் கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் நானோகுழாய்க்கு மேல் இருக்கக் கூடாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் பல அடுக்கு நானோகுழாயின் ஒரு குறிப்பிட்ட வகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியமுள்ள பொருள்களின் 2பி பிரிவில் சேர்த்தது. மற்ற வகைகளை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்று விட்டது. தகரக் கொட்டகையில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சிமெண்ட் மூட்டையைக் கிழித்துக் கொட்டும் சித்தாளம்மாவிடம் இந்தத் தூளைக் கொடுத்து மிக்சரில் தட்டச் சொல்லக் கூடாது. நானோகுழாயைத் தூளாக வாங்கும் யோசனையை இந்த ஒரு காரணத்துக்காகவே கைவிடலாம்.

கடற்கரைக்கே உரிய தயக்கம் ஒன்றும் உண்டு. நானோகுழாய் மின்சாரத்தைக் கடத்தும். கம்பி துருப்பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்வு. கான்கிரீட்டின் மின்தடை எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவு மெதுவாக அது நடக்கும். கடத்தும் கார்பனைக் கலந்து மின்தடையைக் குறைத்தால், உப்பு உள்ளே வந்தபிறகு அரிப்பு மின்னோட்டத்துக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்ததாகும். குளோரைடு மிகுந்த சூழலில், கடத்தும் கார்பன் கலந்த காரைக்குள் கம்பி விரைவாக அரித்ததாகக் கண்ட ஆய்வுகள் இருக்கின்றன. துளைகள் அடைபட்டு அரிப்பு குறைந்ததாகக் காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. மாறுபட்ட முடிவுகள் உள்ள ஒன்றை, அலைத்தூறல் படும் தூணில் சோதித்துப் பார்க்க நான் துணிய மாட்டேன்.

அப்படியானால் நானோகுழாய் எதற்குத்தான் உதவும்? அழுத்தம் மாறும்போது அதன் மின்தடை மாறுவதால், கம்பியில்லாத கான்கிரீட் பலகையைத் தன்னைத்தானே உணரும் அளவியாக மாற்ற அது உதவும். துறைமுகத்துக்கு வரிசை கட்டிப் போகும் கண்டெய்னர் லாரிகளை நிறுத்தாமலே எடைபோடும் சாலைப்பலகையை எண்ணூர் நெடுஞ்சாலையில் கற்பனை செய்து பார்க்கலாம். அது அரசோ துறைமுகமோ செய்ய வேண்டிய முதலீடு, தனி ஒப்பந்தக்காரரின் வேலையல்ல.

கிராஃபீன் ஆக்சைடு: நீரோடு ஒத்துப்போகும், சுண்ணாம்போடு சண்டையிடும்

கிராஃபைட்டைக் கடுமையாக ஆக்சிஜனேற்றம் செய்து தகடுதகடாகப் பிரித்தால் கிடைப்பது கிராஃபீன் ஆக்சைடு. 1958-இல் ஹம்மர்ஸ் வெளியிட்ட முறையும் அதன் திருத்தங்களுமே இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் குழுக்களால் இது நீரில் தானாகவே பரவும்; மீயொலிக் கருவி பெரும்பாலும் ஆலைக்காரருக்கு வேண்டியிருக்காது. அதே குழுக்கள் சிமெண்டின் பசைப்பொருளோடு பிணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். மூலக் கிராஃபீன் மின்சாரத்தைக் கடத்தும், இது கடத்தாது என்பது நம் கடற்கரைக்கு மிகச் சாதகமான குணம். தூசு பறக்காத கரைசலாகவே வருவதால் சித்தாளின் நுரையீரலும் தப்பும்.

சிக்கல் வேறிடத்தில் வருகிறது. சிமெண்டில் நீர் பட்டவுடனே அந்த நீர் சுண்ணாம்பால் நிறைந்து கடும் காரமாகிறது. நீரிலிருக்கும் கால்சியம் அயனிகள் கிராஃபீன் ஆக்சைடின் குழுக்களைப் பிடித்து, தகட்டோடு தகட்டைக் கட்டிப்போடும். குடிநீரில் அழகாகப் பரவியிருந்த பழுப்புக் கரைசல், மிக்சருக்குள் போன சில நிமிடங்களில் திரிதிரியாகத் திரண்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இதைக் காண விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நூறு கிராம் சிமெண்டை அரை லிட்டர் நீரில் நன்றாகக் கலக்கித் தெளிய விட்டு, மேல்நீரைக் காபி வடிதாளில் வடித்துக் கண்ணாடித் தம்ளரில் எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை அணிந்துகொள்வது அவசியம், அந்த நீர் தோலை அரிக்கும். விற்பனையாளர் கொடுத்த கரைசலிலிருந்து சில துளிகளை அதில் விட்டுக் கலக்கி, தம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சரியாகத் தயாரிக்கப்பட்ட சரக்கு அரைமணி நேரமானாலும் சீரான பழுப்பு நிறத்தோடு நிற்கும். மோசமான சரக்கு துளி விழுந்த இடத்திலேயே சுருண்டு, கருஞ்சிறு திவலைகளாகி, அடியில் சேறாகப் படியும். மேலே நீர் மறுபடி தெளிந்துவிடும். இந்தத் தம்ளரில் தோற்ற பொருளை மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம். நீங்கள் பயன்படுத்தும் பி.சி.இ. அட்மிக்சரைச் சில துளி முன்னதாகக் கலந்து இதையே மீண்டும் செய்து பார்ப்பதும் நல்லது, ஏனென்றால் பி.சி.இ. தகடுகளைப் போர்த்திக்கொண்டு திரளாமல் காப்பாற்றும். கலவையிலும் அந்த வரிசையையே கடைப்பிடிக்க வேண்டும்: முதலில் நீரில் பி.சி.இ., பிறகு கிராஃபீன் ஆக்சைடு, கடைசியாகச் சிமெண்ட். சிலிக்கா ஃப்யூமும் உடனிருந்தால் அந்த நுண்துகள்கள் தகடுகளுக்கு இடையில் புகுந்து அவற்றை விலக்கி வைக்கும்.

அளவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். லிட்டருக்கு நான்கு கிராம் செறிவுள்ள கரைசலை எடுத்துக்கொள்வோம். சிமெண்டின் எடையில் 0.03 விழுக்காடு என்றால் மூட்டைக்கு 15 கிராம், அதாவது மூன்றே முக்கால் லிட்டர் கரைசல். நீர்-சிமெண்ட் விகிதம் 0.40 என்றால் மூட்டைக்கு மொத்தம் 20 லிட்டர் நீர்தான் போக வேண்டும். அதில் மூன்றே முக்கால் லிட்டரைக் கழித்துக்கொண்டு மீதியை ஊற்ற வேண்டும். கலவை வழக்கத்தைவிட இறுக்கமாக வரும். அந்த நேரத்தில் “டைட்டா இருக்கு சார், இன்னும் கொஞ்சம் தண்ணி காட்டட்டுமா?” என்று மேஸ்திரி கேட்பார், அவர் கேட்பதில் தவறில்லை, கரணை ஓட வேண்டியது அவர் கையில். ஆனால் ஐந்து லிட்டர் கூடுதலாக ஊற்றினால் விகிதம் 0.50 ஆகிவிடும். அந்த இழப்பு கிராஃபீன் ஆக்சைடு தரக்கூடிய ஆதாயம் முழுவதையும் விழுங்குவதோடு, கடற்கரைச் சூழலுக்குக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 விதிக்கும் 0.45 என்ற எல்லையையும் தாண்டிவிடும். கூடுதல் பி.சி.இ.யை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பது ஒன்றே இதற்கு வழி.

வலிமை உயர்வு பற்றி ஆய்வுக் கட்டுரைகளில் சில விழுக்காடு முதல் முப்பதைத் தாண்டியும் எண்கள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஜல்லி இல்லாத சிமெண்ட் பசையிலோ காரையிலோ எடுத்தவை. ஜல்லி சேர்ந்த கான்கிரீட்டில் முறிவு ஜல்லியின் விளிம்பிலிருந்து தொடங்குவதால் அவ்வளவு பலனை எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே இந்தப் பொருள் தன் விலைக்குத் தகுந்த வேலையைச் செய்யும் இடம் காரைதான்.

காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை கடலைப் பார்த்து நிற்கும் பழைய கட்டடங்களின் தரைத்தளத் தூணைக் கிட்டே போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். கடல் பக்கத்து மூலையில், உள்ளிருக்கும் கம்பியின் நேர்க்கோட்டிலேயே மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடும். அதிலிருந்து காவி நிறக் கறை வழிந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் டொக்கென்று வெற்றொலி கேட்கும், பிறகு கவர் முழுதும் பட்டையாக உரிந்து கையோடு வரும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடுகிறது. இந்தத் தூணைக் கொத்தி, கம்பியைத் தேய்த்து, தேவையான இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, முப்பது மி.மீ. கனத்துக்குக் காரை கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓரடிச் சதுரத் தூண், மூன்று மீட்டர் உயரம் என்றால் காரை ஏறத்தாழ 0.11 கன மீட்டர். கன மீட்டருக்கு 600 கிலோ என்ற கணக்கில் சிமெண்ட் 65 கிலோ. கிராஃபீன் ஆக்சைடு இருபது கிராமுக்கும் குறைவு. கொத்துக்கூலி, சாரம், முட்டுக்கொடுத்தல் ஆகியவற்றின் முன்னால் அந்த இருபது கிராமின் விலை பெரிதாகத் தெரியாது. அந்த மெல்லிய போர்வையின் சுருக்க விரிசலையும் நீர் உறிஞ்சலையும் அது குறைத்தால் பழுது மீண்டும் வரும் காலம் தள்ளிப்போகும்.

அதே விகிதத்தை 400 கிலோ சிமெண்ட் போகும் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் போட்டால் 120 கிராம் வேண்டும். இருபது கன மீட்டர் தளம் ஒன்றுக்கு இரண்டரைக் கிலோவை நெருங்கும். வாங்குபவர் தமக்குக் கிடைத்த விலையால் இதைப் பெருக்கிப் பார்த்துக்கொண்டால், தளத்துக்கு வேண்டாம் என்று நான் சொல்வதன் காரணம் தெரிந்துவிடும்.

கிராஃபீன் நானோதகடும் கார்பன் பிளாக்கும்

ஆக்சிஜனேற்றம் செய்யாத கிராஃபீன் நானோதகடு, ஆக்சைடைவிட மலிவு. நீரோடு ஒட்டாது, மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே நானோகுழாயின் தயக்கங்கள் பலவும் இதற்கும் பொருந்தும். இங்கிலாந்தின் ஏம்ஸ்பரியில் 2021-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கூட்டோடு கிராஃபீன் கலந்த கான்கிரீட்டில் உடற்பயிற்சிக் கூடத்தின் தளம் வார்க்கப்பட்டது. ஆய்வகத்தை விட்டு உண்மையான தளத்துக்குப் போக முடியும் என்பதற்கு அது சான்று. உப்புக் காற்றில் முப்பது ஆண்டு நிற்கும் என்பதற்கு அல்ல. வாங்கும்போது கவனிக்க வேண்டியது பெயர்தான். பன்னாட்டு வரையறைப்படி பத்து அடுக்கு வரைதான் கிராஃபீன் என்ற பெயருக்குப் பொருத்தம். அதற்கு மேல் அடுக்கியது நுண்ணிய கிராஃபைட். அடுக்குகளைப் பற்றிச் சொல்லும் ராமன் நிறமாலை அறிக்கையைக் கேளுங்கள்; கொடுக்கத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

கார்பன் பிளாக் நம் பகுதிக்குப் பழக்கமான பொருள். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிப் பின்னர் டயர் ஆலையாக வளர்ந்த எம்.ஆர்.எஃப். முதலாக எந்த டயர்காரருக்கும் அது அன்றாடச் சரக்கு. விலை குறைவு. ஆனால் சிமெண்டில் பலன் தெரிய விழுக்காட்டுக் கணக்கில் போட வேண்டும். அந்த அளவில் நீர்த்தேவை கூடி வலிமை இறங்கும். மின்சாரம் கடத்தும் தளம், சூடேறும் தளம் ஆகியவற்றுக்கு அது ஏற்றது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2023-இல் சிமெண்டும் கார்பன் பிளாக்கும் நீரும் கலந்து மின்னாற்றலைச் சேமிக்கும் மின்தேக்கியையே செய்துகாட்டினார்கள். நம் கேள்வி அதுவல்ல. பழைய டயரைக் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் கரியையும் கார்பன் பிளாக் என்ற பெயரில் மலிவாகக் கொடுக்க முன்வருவார்கள். அதில் சாம்பலும் கந்தகமும் துத்தநாகமும் கலந்திருக்கும்; துத்தநாகம் சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். ஒரே சொல்லில், வேண்டாம்.

கார்பனில்லாத வழி

இதை விரித்துச் சொல்ல எவரும் மாதிரிப் புட்டியோடு வருவதில்லை. ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடற்கரைக் காற்றுக்கு நேரே நிற்கும் கான்கிரீட்டைக் ‘கடுமை’ என்ற பிரிவில் வைக்கிறது: குறைந்தது எம் 30 (28 நாளில் சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன் அழுத்த வலிமை), கவர் 45 மி.மீ. அலைத்தூறலோ ஆலைகளின் அரிக்கும் புகையோ படும் பரப்பு ‘மிகக் கடுமை’: எம் 35, கவர் 50 மி.மீ. ஓதம் ஏறி இறங்கும் இடத்துக்கு எம் 40, கவர் 75 மி.மீ., நீர்-சிமெண்ட் விகிதம் 0.40. மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் கடற்கரையும் ஆலைப் புகையும் ஒன்றாகவே இருப்பதால் இரண்டாவது பிரிவிலிருந்து தொடங்குவதே விவேகம். நடைமுறையில் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்து இருபது மி.மீ. கவரோடு வார்த்துவிட்டுப் போகிறார்கள். உப்பு பயணம் செய்ய வேண்டிய தூரம் பாதிக்கும் கீழாகக் குறைந்த அந்தத் தூணில் எந்த நானோப்பொருளைக் கலந்தும் பயனில்லை.

ஸ்லாக் கலந்த சிமெண்ட் குளோரைடைத் தன்னோடு பிணைத்து வைத்துக்கொள்ளும், துளைகளையும் நுணுக்கும். சிலிக்கா ஃப்யூமைச் சிமெண்டின் எடையில் 5 முதல் 10 விழுக்காடு சேர்க்கலாம். இவை இரண்டுக்கும் இந்தியத் தர நிர்ணயம் உண்டு, விலை தெரியும், பல பத்தாண்டுக் களச்சான்று உண்டு. நானோகார்பனுக்கு ஐ.எஸ். 456-இன் அந்தப் பதிப்பில் இடமே இல்லை. ஆனால் இவற்றுக்கும் ஒரு நிபந்தனை: கலப்புச் சிமெண்டைக் குறைந்தது பத்து நாள் நனைக்க வேண்டும், நம் கோடையில் பதினான்கு நாள். அந்த நீரும் நல்ல நீராக இருக்க வேண்டும். மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கம்பியுள்ள கான்கிரீட்டில் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர் தண்ணீரைச் சோதிக்காமல் கிராஃபீன் வாங்குபவரைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.

எதை நம்பி முடிவெடுப்பது

“எங்கள் பொருளைப் போட்டால் கியூப் வலிமை 12 விழுக்காடு கூடும்” என்று மூன்று கியூப்களின் (சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கனசதுரங்களின்) அறிக்கையை நீட்டுவார்கள். ஒரே கலவையில் எடுத்த மூன்று கியூப்கள் சராசரியிலிருந்து 15 விழுக்காடு வரை விலகினாலும் ஏற்கலாம் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. அந்தச் சிதறலுக்குள்ளேயே மறையக்கூடிய உயர்வை மூன்று கியூப்கள் நிறுவ முடியாது. தனித்தனி நாள்களில் வார்த்த பல தொகுதிகளில், கார்பன் இல்லாத கலவையையும் அதே இளக்கத்துக்குப் பி.சி.இ. போட்டுச் சரிசெய்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். வளைவு வலிமைக்கு 40 மி.மீ. சதுரக் குறுக்குவெட்டும் 160 மி.மீ. நீளமும் கொண்ட காரைப் பட்டைகள் போதும்.

உப்பு ஊடுருவலைச் சோதிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஆய்வகங்களில் வழக்கமான ஆர்.சி.பி.டி. என்னும் விரைவுக் குளோரைடு ஊடுருவல் சோதனை, ஆறு மணி நேரத்தில் மாதிரியின் வழியே பாயும் மின்னூட்டத்தை அளக்கிறது. உப்பு நகர்ந்த தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. நானோகுழாயோ நானோதகடோ கலந்த மாதிரியில் கார்பனே மின்சாரத்தைக் கடத்திக் கணக்கைக் குழப்பும். அவற்றுக்கு உப்புக் கரைசலில் ஊறவைத்துக் குளோரைடு எவ்வளவு ஆழம் போயிற்று என்று அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்க்கும் சோதனையே பொருந்தும். கிராஃபீன் ஆக்சைடுக்கு இந்தக் குழப்பம் குறைவு. இத்தகைய ஆய்வுக்குத் தகுந்த வசதியும் அனுபவமும் உள்ள ஐ.ஐ.டி. மெட்ராஸ், தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், அண்ணா பல்கலைக்கழகம் மூன்றும் நகரின் தென்பாதியில் இருப்பதால் மாதிரிகளைச் சுமந்துகொண்டு ஊரைக் கடந்துதான் ஆக வேண்டும்.

பழுதுபார்ப்பு ஒப்பந்தக்காரருக்கு என் பரிந்துரை: சிலிக்கா ஃப்யூம் சேர்த்த காரையை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, தம்ளர்ச் சோதனையில் தேறிய ஒரே ஒரு கிராஃபீன் ஆக்சைடை, ஒரே கட்டடத்தின் கடல் பார்த்த தூண்களில் பாதிக்கு மட்டும் போட்டு, மீதிப் பாதியை அது இல்லாமல் கட்டிக் குறித்து வைப்பது. கொள்முதல் ஆணையில் செறிவு, தயாரித்த தேதி, பரவவைக்கும் பொருளின் பெயர், உங்கள் பி.சி.இ.யோடு ஒத்துப்போகும் என்ற உறுதி ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள்.

பேவர் பிளாக் ஆலைக்காரருக்கு இப்போதைக்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. அவருடைய கலவை ஈரமண்ணைப் போல வறண்டது, அதிர்வால் இறுக்கி உடனே அச்சை எடுப்பது. அதில் நீரே குறைவு என்பதால் எந்தக் கரைசலும் சீராகப் பரவ வழியில்லை. உள்ளே கம்பியும் இல்லை, ஆகவே உப்பு அவருக்குப் பெரிய எதிரியும் அல்ல. வார்த்த மறுநாளே வெயிலில் அடுக்கி லாரியில் ஏற்றும் வழக்கத்தை நிறுத்தி, ஈரச்சாக்கு மூடிய க்யூரிங் கொட்டகை ஒன்று போட்டால், கிராஃபீனுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியிலேயே அவர் தேடும் வலிமை கிடைத்துவிடும்.